வெறும் மேலும் சிவப்பு ரிப்பனும்: யாழ்ப்பாணத்தில் ஒரு சைக்கிள் ஓட்டம் நடத்திப் பழகியது

என் அப்பு வெறும் மேலோடுதான் சைக்கிள் ஓடுவார். விடிய நாலரைக்கு எழும்பி, சாரத்தைச் சண்டிக்கட்டாகக் கட்டி, துவாயைத் தலையில் சுற்றி, மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கோண்டாவிலில் இருந்து வெங்காயத் தோட்டத்துக்குப் போவார். இறைப்பு முடிந்து எட்டு மணிக்கு அதே கோலத்தில் திரும்பி வருவார். எதிரே வாத்தியார் வருவார், ஐயர் வருவார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். யாரும் அவரை உடுப்பில்லாத மனிதன் என்று பார்த்ததில்லை. தோட்டத்துக்குப் போகிற மனிதன் என்றுதான் பார்த்தார்கள்.

லண்டனில் இருந்த காலத்தில், என்னோடு வேலை செய்த ஒருவன், "ஜூன் மாதம் ஆடையில்லாமல் சைக்கிள் ஓடப்போகிறோம், சந்தி மறிக்க ஆள் தேவை, வருகிறாயா?" என்று கேட்டபோது எனக்கு முதலில் நினைவு வந்தது அப்புதான். கூச்சமும் வந்தது. ஆனால் சந்தி மறிப்பவர்கள் உடுத்துக்கொண்டு, மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு நிற்கலாம் என்று சொன்னதால் போனேன். பிறகு மூன்று வருடம் தொடர்ந்து போனேன்.

உலக நிர்வாணச் சைக்கிள் ஓட்டம் என்கிற இதைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். கனடாவின் வன்கூவர் நகரத்தைச் சேர்ந்த கொன்ராட் ஷ்மிட் என்பவர் 2004இல் இதை உலக அளவில் தொடங்கிவைத்தார். முதல் வருடமே 10 நாடுகளில் 28 நகரங்களில் நடந்தது. அதற்கு முன்பே, 2001இல், ஸ்பெயினின் சரகோசாவில் இப்படி ஒரு ஓட்டம் நடந்திருக்கிறது. தொடக்கத்தில் எண்ணெயை நம்பி வாழ்வதற்கு எதிரான போராட்டம். 2006 அளவில் சைக்கிள் ஓடுபவர்களின் பாதுகாப்பு முன்னுக்கு வந்தது. காருக்குள் இருப்பவருக்கு இரும்புக் கூடு இருக்கிறது, சைக்கிளில் இருப்பவருக்குத் தோல் மட்டும்தான். அந்தத் தோலையே வீதிக்குக் கொண்டுவந்து காட்டுவது இது. "இப்போதாவது என்னைத் தெரிகிறதா?" என்று முதுகில் எழுதிக்கொண்டு ஓடுவார்கள். வடக்கு நாடுகளில் ஜூனிலும், தெற்கு நாடுகளில் மார்ச்சிலும் நடக்கும்.

அங்கே எனக்குப் பிடித்தது நிர்வாணம் இல்லை, அந்த அழைப்பின் வாசகம். துணிந்த அளவுக்கு வெறும் மேனி என்பதுதான் அதன் பொருள். முழுதாகக் கழற்றியவர்களுக்குப் பக்கத்தில் கோட்டுப் போட்ட கிழவர் ஓடுவார். யாரும் யாரையும் "ஏன் கழற்றவில்லை?" என்றும் கேட்பதில்லை, "ஏன் கழற்றினாய்?" என்றும் கேட்பதில்லை. இங்கிலாந்தில் பொது இடத்தில் ஆடையில்லாமல் இருப்பது மட்டும் குற்றமாகாது. பிறரைக் கலங்கடிக்கும் நோக்கத்தோடு காட்டினால்தான் 2003ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். சட்டத்தில் அந்தத் தெளிவு அவர்களுக்கு இருந்தது. நமக்கு இல்லை.

ஊருக்குத் திரும்பியபின் 2022 வந்தது. ஜூன் கடைசியில் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்தார்கள். பெற்றோல் வரிசையில் நின்று களைத்த யாழ்ப்பாணம், வளவு மூலையில் கிடந்த சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தது. எங்கள் ஒழுங்கையில் ரியூப் ஒட்டுகிற ஐயாவுக்குச் சாப்பிட நேரமில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த வயதானவர்களுக்கு அது பழைய வாழ்க்கை. டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதும், கரியலில் விறகும் பாரில் பிள்ளையும் வைத்து ஓடியதும் அவர்களுக்கு மறக்கவில்லை. அந்தக் கொஞ்சக் காலம் வீதி சைக்கிளுக்குச் சொந்தமாக இருந்தது. பிறகு கியூஆர் அட்டை வந்தது, பெற்றோல் வந்தது, பழைய வேகமும் வந்தது. போருக்குப் பிறகு அகலமாக்கிக் காபெற் போட்ட வீதிகளில் ஓரத்தைக் கவனித்திருப்பீர்கள். காபெற் முடிகிற இடத்தில் ஒரு சாண் பள்ளம். பஸ் ஹோர்ன் அடித்தால் சைக்கிள் இறங்க வேண்டிய இடம் அந்தப் பள்ளம்தான். ரியூசன் முடிந்து வருகிற பிள்ளைகள் தினமும் அதில் இறங்கி ஏறுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை அதில் சறுக்கி விழுந்து கையை முறித்தபோதுதான், இங்கேயும் ஓர் ஓட்டம் வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

நிர்வாண ஓட்டம் இங்கே நடத்த முடியாது. பொது இடத்தில் உடலை ஆபாசமாகக் காட்டுவது நம் நாட்டில் குற்றம். சட்டம் விட்டாலும் அதை ஊரின் மேல் திணிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் உடை உங்கள் விருப்பம் என்ற பகுதியை ஏன் விட வேண்டும்? நல்லூர்க் கோயிலுக்குள் ஆண்கள் மேலாடையைக் கழற்றிவிட்டுத்தான் போகிறோம். வெறும் மேலோடு வீதியில் உருண்டு அங்கப்பிரதட்சணம் செய்கிறோம். மனித உடம்பு என்ன என்பது இந்த ஊருக்குத் தெரியும். அதனால் அழைப்பை இப்படி எழுதினோம்: "சைக்கிளில் வாருங்கள். எதை உடுப்பது என்பது, சட்டத்துக்கு உட்பட்டு, உங்கள் விருப்பம்."

அந்த ஒரு வரிக்காக நடந்த முதல் கூட்டத்திலேயே எனக்குச் சரியான அடி விழுந்தது. பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு தங்கச்சி எழும்பிச் சொன்னாள்: "அண்ணை, விருப்பம் எண்டு நீங்கள் சொல்லுறது உங்கட விருப்பத்தைத்தான். நீங்கள் சேட்டைக் கழட்டினா ஒண்டும் நடக்காது. நான் ஒரு அரைக் களிசான் போட்டா வீட்டை ஒரு மாசத்துக்குக் கதை நடக்கும்." நான் நல்லூரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவள் விடவில்லை. "அங்கயும் கழட்டுறது நீங்கள்தானே?" என்றாள். அவள் சொன்னது முழுக்க உண்மை.

அன்றைக்கு நாங்கள் வாசகத்தை மாற்றவில்லை, அதன் பொறுப்பை மாற்றினோம். உடை சம்பந்தமான எல்லா முடிவும் ஐந்து பெண்கள் கொண்ட குழுவிடம் போனது. அவர்கள் முதலில் எடுத்த முடிவு, ஓட்டத்தின் முன்வரிசை பெண்களுடையது, அவர்கள் எந்த உடுப்பில் வந்தாலும் சரி என்பது. இரண்டாவது முடிவு, வெறும் மேலோடு வருகிற ஆண்கள் கூட்டமாகச் சேர்ந்து கத்திக்கொண்டு ஓடக்கூடாது, கலந்து ஓட வேண்டும். இரண்டுமே எனக்குத் தோன்றியிராது. இப்படி ஒன்றை நடத்த நினைக்கிற ஆண்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்கள் கையில் முடிவைக் கொடுங்கள். பிறகு கொடுப்போம் என்று வைத்தால் அந்தப் பிறகு வராது.

பொலிஸ் விடயம் நினைத்ததை விட எளிது. ஊர்வலம் தொடங்குகிற இடத்துக்குக் கிட்டவுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குக் குறைந்தது 6 மணித்தியாலம் முன்பாக அறிவிக்க வேண்டும் என்று பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவு சொல்கிறது. நாங்கள் மூன்று கிழமைக்கு முன்பே போனோம். தமிழிலும் சிங்களத்திலும் கடிதம், பாதை வரைபடம், எந்தச் சந்தியில் எத்தனை மணிக்கு நிற்போம் என்ற பட்டியல், பொறுப்பாளர்கள் மூவரின் தொலைபேசி இலக்கம். அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சேட் இல்லாமல் ஓடுறது எத்தினை பேர்?"

"தெரியாது ஐயா. அது அவையவையின்ர விருப்பம்."

"ஆம்பிளையள் மட்டும்தானே?"

"மேல் கழட்டுறது ஆம்பிளையள் மட்டும்தான் ஐயா. பொம்பிளையள் தங்களுக்குப் பிடிச்ச உடுப்போட வருவினம்."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, கோயில் வாசல்களால் போகும்போது மணி அடிக்க வேண்டாம், ஒலிபெருக்கி வைப்பதென்றால் தனி அனுமதி வேண்டும் என்று சொன்னார். ஒலிபெருக்கி வைக்கும் எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டோம். நூறு சைக்கிள் மணி ஒன்றாக அடித்தால் போதும்.

முதல் வருடம், 2023 ஆனியில், வந்தது 23 பேர். வெறும் மேலோடு வந்த ஆண்கள் நாலு பேர், அதில் ஒருவன் நான். பொது நூலகத்துக்கு முன்னால் சட்டையைக் கழற்றிக் கரியலில் வைத்தபோது என் கை நடுங்கியது. எத்தனையோ வருடம் நல்லூரில் கழற்றிய அதே சட்டை. வீதியில் வேறு மாதிரி இருந்தது. முதுகில் காற்றுப் பட்டது, பின்னால் வந்த லொறியின் சூடு பட்டது. அப்பு தினமும் இப்படித்தான் உணர்ந்திருப்பார். லொறி கடந்து போகும்வரை என் முழு உடம்பும் முதுகாகவே இருந்தது.

அந்த வருடம் செய்த பெரிய பிழை காற்றை நினைக்காமல் விட்டது. ஆனி மாதம் சோழகம் அடிக்கிற காலம். தென்மேற்கில் இருந்து வருகிற காற்று. நாங்கள் நூலகத்தில் தொடங்கி நல்லூர்ப் பக்கம் போய், திரும்பிக் கடலோரத்தில் இருக்கிற பண்ணை என்ற இடத்தில் முடிக்கத் திட்டமிட்டிருந்தோம். போகும்போது காற்று முதுகில் தள்ள, எல்லோரும் பறந்தோம். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில். களைத்த நேரத்தில் கடல் வெளியில் எதிர்க்காற்று. இரண்டு பிள்ளைகள் இறங்கி உருட்டிக்கொண்டு வந்தார்கள், சேலை உடுத்த அக்கா ஒருவருக்குக் காற்றில் முந்தானை பின் சில்லுக்குள் போய்விட்டது. நல்ல காலம், மெதுவாகப் போனதால் விழவில்லை. அடுத்த வருடம் பாதையை அப்படியே திருப்பினோம். முதலில் பண்ணையில் கூடி, காற்றை எதிர்த்துக் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி, பிறகு சோழகத்தை முதுகில் வாங்கிக்கொண்டு நல்லூர்ப் பக்கம் போய் முடித்தோம். சேலையில் வருபவர்களுக்குப் பின் சில்லுக்கு வலை போட்ட லேடீஸ் சைக்கிள் ஐந்து ஒழுங்கு செய்து வைக்கிறோம். சாரக்காரருக்குச் சண்டிக்கட்டுப் போதும், இல்லாவிட்டால் செயினில் மாட்டும்.

நாவலர் வீதி ரயில் கடவை இன்னொரு பாடம். கூட்டத்தின் பாதி கடந்தபின் கதவு விழுந்தது. முன்பாதி தெரியாமலே போய்விட்டது. பின்பாதியைக் காத்து நிற்க வைத்தபோது, முன்னால் சந்தியில் மறிப்பு எடுபட்டுவிட்டது, ஓட்டோக்கள் உள்ளே புகுந்துவிட்டன. இப்போது ஓட்ட நாளுக்கு முதல் நாள் புகையிரத நிலையத்தில் நேரம் கேட்டு எழுதிக்கொள்கிறோம். ரயில் பிந்தலாம் என்பதால், கடவைக்கு 200 மீற்றர் முன்பாகவே எல்லோரையும் நிறுத்தி, சேர்த்து, ஒரே மூச்சில் கடக்கிறோம்.

சந்தி மறிப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சைக்கிள் ஓட்டத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. 1992இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய மாதாந்தச் சைக்கிள் ஓட்டத்தால் பரவிய முறை இது. கூட்டம் சந்திக்கு வருமுன் இருவர் முன்னேறிப் போய்ப் பக்க வீதிக்குக் குறுக்காகச் சைக்கிளை நிறுத்துவார்கள். போத்தலுக்குத் தக்கை போடுவது மாதிரி. கடைசி ஆள் கடந்ததும் எடுத்துவிட்டு, கூட்டத்தின் ஓரமாக முன்னுக்குப் போவார்கள். லண்டனில் இதைச் செய்யும்போது சாரதிகளோடு வாய் கொடுக்கக் கூடாது என்று சொல்லித் தருவார்கள். இங்கே அது மட்டும் போதாது. இங்கே மறித்து நிற்பவர் சாரதியின் முகத்தைப் பார்த்து, கையைக் கூப்பி, "அண்ணை, ரண்டு நிமிசம்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்கு முக்கால்வாசிப் பேர் எஞ்சினை நிறுத்துகிறார்கள். மறிப்புக்குப் பெடியன்களை மட்டும் போட்டபோது தகராறு வந்தது. ஒரு பெடியன், ஒரு நடுவயது அம்மா என்று சோடியாகப் போட்ட பிறகு வரவில்லை.

இரண்டு விடயத்தில் விட்டுக்கொடுப்பதில்லை. ஒன்று, கடைசி ஆள். அவர் மெதுவாக ஓடத் தெரிந்தவராக, யாரையும் அவசரப்படுத்தாதவராக இருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் தண்ணீரும் பம்பும் ஒட்டுப் பொருட்களுமாக ஓர் ஓட்டோ வரும். மற்றது, ஆஸ்பத்திரி வீதி. முதல் வருடம் அதால் போனோம், ஒரு நோயாளர் வண்டி எங்களுக்குப் பின்னால் வந்தது. ஓரமாக ஒதுங்கி வழி விட்டோம், அதிக நேரம் எடுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தை நான் மறக்கவில்லை. அதன்பின் அந்த வீதி எங்கள் பாதையில் இல்லை.

தோலில் எழுதுவது பற்றி. இரண்டாம் வருடம் ஒரு தம்பி அவசரத்தில் சுவருக்குப் பூசுகிற பெயின்ற்றால் நெஞ்சில் எழுதிக்கொண்டு வந்தான். பின்னேரம் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து அழித்திருக்கிறான். மூன்று நாள் நெஞ்செல்லாம் சிவந்து கொப்பளித்துக் கிடந்தது. இப்போது முகத்துக்குப் பூசுகிற, தண்ணீரில் கரைகிற வர்ணம் மட்டும். முதல் நாளே மணிக்கட்டில் ஒரு பொட்டுப் பூசிப் பார்க்கச் சொல்கிறோம். வியர்வையில் அழியும், அழியட்டும். எழுத்தைப் பெரிதாக, இரண்டு சொல்லுக்கு மேல் போகாமல் எழுதினால் தூரத்தில் தெரியும். "தோல்தான்" என்று ஒருவர் முதுகில் எழுதியிருந்தார். அதைவிட நல்ல பதாகை நான் பார்த்ததில்லை. தோலைக் காட்ட விரும்பாதவர்கள் பழைய வெள்ளைத் துணியில் எழுதி முதுகில் ஊசியால் குத்திக்கொண்டு வருகிறார்கள், அதுவும் அதே வேலையைச் செய்கிறது.

மூன்றாம் வருடம் ஒரு நிறுவனம் உதவிக்கு வந்தது. தண்ணீர்ப் போத்தலும் நூறு ரீசேட்டும் தருகிறோம், எல்லோரும் போட்டுக்கொண்டு ஓட வேண்டும் என்றார்கள். எங்கள் கையில் காசே இல்லாத நேரம். குழுவில் சிலருக்கு ஆசை, அதில் பிழையும் இல்லை. ஆனால் அப்புவின் வெறும் மேலும், சின்னம்மாவின் நூல் சேலையும், அந்தத் தங்கச்சியின் அரைக் களிசானும் ஒரே நிற ரீசேட்டுக்குள் போய்விட்டால் பிறகு என்ன விருப்பம்? நன்றி சொல்லி மறுத்தோம். தண்ணீர் வீடுகளில் இருந்து வந்தது. நல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டு அம்மா படலையில் நின்று ஒரு வாளி மோர் ஊற்றித் தந்தார். பச்சைமிளகாய், கறிவேப்பிலை, உப்பு எல்லாம் அளவாகப் போட்ட மோர்.

இப்போது எல்லாவற்றிலும் வலித்த விடயத்துக்கு வருகிறேன். இரண்டாம் வருட ஓட்டத்தில், வீதியோரம் நின்ற யாரோ எடுத்த படங்கள் அன்றிரவே முகநூலில் வந்தன. வெறும் மேலோடு ஓடிய எங்கள் படங்களுக்கு ஒன்றுமில்லை, கைதட்டல்தான். கையில்லாத சட்டை போட்டு ஓடிய ஒரு பிள்ளையின் படத்தின் கீழ் 200க்கு மேல் பின்னூட்டங்கள். படிக்க முடியாதவை. அவளுடைய ஊர், அப்பாவின் தொழில் எல்லாம் எழுதினார்கள். அவள் மூன்று நாள் வெளியில் வரவில்லை. நான் அவளுடைய வீட்டுக்குப் போய் அவளுடைய தாயின் முன்னால் உட்கார்ந்தேன். "தம்பி, பிள்ளையை நீங்கள் கூட்டிக்கொண்டு போனீங்கள், திருப்பிக் கொண்டுவந்து விட்டீங்கள், சரி. ஆனால் பிறகு வந்ததை ஆர் பார்க்கிறது?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அந்தப் படங்களை நீக்கச் சொல்லி முறைப்பாடு செய்ய இரண்டு நாள் நாலு பேர் உட்கார்ந்தோம், அதில் கொஞ்சம் நீங்கியது, கொஞ்சம் நீங்கவில்லை.

வீதியில் படம் எடுப்பவர்களை நாங்கள் தடுக்க முடியாது, ஆனால் குறைக்கலாம். பெண்கள் குழு செய்த முறை இது. கூடும் இடத்தில் கயிறு கட்டி இரண்டு பக்கமாகப் பிரிக்கிறோம். ஒரு பக்கம் படத்துக்குச் சம்மதித்தவர்கள், மறுபக்கம் சம்மதிக்காதவர்கள். கையில் மஞ்சள் பட்டி கட்டிய எங்கள் இரண்டு படப்பிடிப்பாளர்கள் மட்டும் சம்மதித்த பக்கத்தில் பத்து நிமிடம் படம் எடுப்பார்கள். ஊடகக்காரர் வந்தாலும் அந்தப் பத்து நிமிடம்தான். படம் வேண்டாம் என்பவர்கள் ஹாண்டிலில் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொள்வார்கள். ஓடும்போது வீதியோரத்தில் கைத்தொலைபேசி உயர்ந்தால், ரிப்பன் கட்டியவர்களுக்குப் பக்கத்தில் ஓடுபவர்கள் நடுவில் புகுந்து மறைத்துக்கொள்வார்கள். வெறும் மேலோடு ஓடுகிற ஆண்களுக்கு இந்த வேலையை முக்கியமாகக் கொடுத்திருக்கிறோம். எங்கள் படத்துக்கு யாரும் பின்னூட்டம் எழுதப்போவதில்லை.

ஒவ்வொரு வருடமும் விடாமல் நடத்துவது ஏன் முக்கியம் என்பதற்கு அமெரிக்காவின் போர்ட்லண்டில் நடந்த ஒன்றைச் சொல்வேன். 2008இல் அங்கே ஆடையில்லாமல் ஓடியதற்காகப் பிடிபட்ட ஒருவரை நீதிபதி விடுவித்தார். வருடாந்த ஓட்டம் அந்த நகரத்தில் நன்கு நிலைபெற்ற மரபாகிவிட்டது, அது அடையாளப் போராட்டம் என்றார். ஓட்டம் உலக அளவில் தொடங்கி அப்போது நாலே வருடம். ஊர் பழகுவதற்கு நூறு வருடம் வேண்டாம். எங்கள் மூன்றாம் ஓட்டத்துக்கு 110 பேர் வந்தார்கள். முதல் வருடம் கடை வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்ட ஒரு முதலாளி, மூன்றாம் வருடம் தன் கடைப் பெடியனை ஒட்டுப் பெட்டியோடு அனுப்பினார். வீதி ஓரப் பள்ளங்களின் படங்களைத் திகதியோடு சேர்த்து ஒவ்வொரு வருடமும் அதிகாரிகளிடம் கடிதமாகக் கொடுக்கிறோம். இதுவரை ஓரிடத்தில் மண் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். மற்றவை அப்படியே.

அந்தப் பிள்ளை மூன்றாம் வருடம் வந்தாள். அதே கையில்லாத சட்டை, ஹாண்டிலில் சிவப்பு ரிப்பன். பின்னால் கரியலில் தாய் இருந்தார். நாங்கள் 40 ரிப்பன்தான் வெட்டியிருந்தோம், நாலு மணிக்கே முடிந்துவிட்டது. வரிசையில் இன்னும் ஆட்கள் நின்றார்கள். தாய் கரியலில் இருந்து இறங்கி, கைப்பையில் இருந்த சிவப்புக் கைலேஞ்சியைப் பல்லால் கிழித்து, ஒவ்வொரு துண்டாகக் கட்டிவிடத் தொடங்கினார்.